தவறவே தவறாத பந்து

என் கணவருக்குக் கோல்ஃப் மேல் ஆசை வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவரை எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். நீண்ட வரிசையைப் பார்த்து "டிக்கெட் கதம், தீர்ந்துபோச்சு" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனிதர். கேரம் பலகைக்குப் பவுடர் போடுவதைத் தவிர எந்த விளையாட்டிலும் அவருக்குப் பங்கிருந்ததாக எனக்கு நினைவில்லை.

எல்லாம் சம்பந்தியால் வந்தது. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பேத்தியின் பிறந்த நாளுக்குப் போயிருந்தபோது சம்பந்தி இவரைத் தன் கிளப்புக்கு அழைத்துப் போனார். குழிக்குப் பக்கத்திலேயே பந்தை வைத்து, "தட்டுங்க சம்பந்தி, கொழந்தகூடப் போட்டுருமுங்க" என்றாராம். இவர் தட்டினார். பந்து குழியைத் தாண்டிப் போய் யாரோ ஒருவரின் ஷூவில் முட்டி நின்றது. சுற்றி நின்றவர்கள் மரியாதையாகக் கை தட்டினார்களாம். சிரித்திருந்தால்கூட மறந்திருப்பார். கை தட்டியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஊர் ஷாதிபூருக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் நான் துணி காயப்போடும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தார்.

"இங்க புல் போடப் போறேன். பிளாஸ்டிக் புல்."

"மதில் மேலகூடப் புல் முளைக்கிற ஊர்ல காசு குடுத்துப் புல் வாங்கணுமா?"

"அது சும்மா முளைக்கிறது. இது கோல்ஃப் புல்."

"துணியை எங்க காயப்போடுறது?"

"சீசனுக்குச் சம்பந்தி வர்றார்" என்றார், ஏதோ அதுதான் பதில் என்பதுபோல.

புல் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. அதற்குள் அடியில் சிமெண்ட் தளம் போட மிஸ்திரியை வரச் சொன்னார். அவர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்கள் தெருவில் பல வீடுகளின் குளியலறை அவர் கட்டியதுதான். தரை வழுவழுவென்று இருக்க வேண்டும், நடுவில் ஒரு குழி வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, கப்பல் வந்துவிட்டது என்று என் கணவர் ஜெட்டிக்கு ஓடினார்.

மிஸ்திரி சமையலறை வாசலுக்கு வந்தார். "மேடம், நடுவுல ஓட்டை எதுக்கு?"

"பந்து விழுறதுக்கு."

"பந்து விழுந்தா பைப் அடைச்சுக்குமே. மேல கம்பி ஜாலி போட்டு மூடிரவா?"

வேண்டாம் என்றேன். "டீக் ஹை, சரி" என்று போய்விட்டார்.

தளம் காய்ந்து, புல்லை விரித்து ஒட்டியதும், என் கணவர் புது மட்டையை எடுத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு முதல் பந்தைத் தட்டினார். நேராகக் குழிக்குள் போனது. அடுத்ததும் போனது. மதிலோரத்திலிருந்து தட்டியதும் போனது. "பார்த்தியா! எனக்குள்ள இது இருந்திருக்கு!" என்று கத்தினார். அன்று முதல் அவர் நடையே மாறிவிட்டது. காய்கறி வாங்கப் போனால்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

ஒரு நாள் புல்லைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டு ஒரு பந்து உருண்டது. அதுவும் குழிக்குள் போனது. எனக்குச் சந்தேகம் வந்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து ஓரமாகப் போட்டேன். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக உருண்டுபோய் விழுந்தது. அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். உள்ளே கண்ணாடி முன் நின்று வெறுங்கையை மட்டைபோல வீசிக்கொண்டிருந்தார். சொல்ல மனம் வரவில்லை.

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். காபி குடித்து முடிக்கக்கூட விடாமல் இவர் அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனார். இவர் போட்டார், விழுந்தது. சம்பந்தி போட்டார், அதுவும் விழுந்தது. யார் முதலில் தவறவிடுகிறாரோ அவர் தோற்றார் என்பது பந்தயம். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. யாரும் தவறவிடவில்லை.

"என்னமோ தெரியலீங்க, உங்க ஊர்க் காத்து கைக்கு நல்லா இருக்குதுங்க" என்றார் சம்பந்தி, கண் கலங்க.

சம்பந்தியம்மா என் காதோரம் குனிந்தார். "கிளப்புல இவரு போட்டா ஒண்ணும் விழுகாதுங்க. எல்லாரும் சும்மா கை தட்டுவாங்க."

நான் அவர் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். ஆண்கள் உள்ளே போன நேரம் பார்த்துப் போட்டுப் பார்த்தார். விழுந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நால்வரும் ஹேவ்லாக் தீவுக்குப் போவதாக இருந்தது. ஆட்டம் முடியாமல் வர முடியாது என்று ஆண்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருவரும் மட்டும் கப்பலேறினோம். முழங்கால் அளவு கடலில் நின்றுகொண்டு சம்பந்தியம்மா, "இந்நேரம் ரெண்டு பேரும் சமமாத்தான் இருப்பாங்க, இல்லீங்களா?" என்றார். சேலை நனைவதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தோம்.

திரும்பி வந்தபோது ஆண்கள் சவரம் செய்துகொள்ளாத முகத்தோடு சமமாகவே இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்த மிஸ்திரி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"எப்படி சார், மழைக்கு ஒரு சொட்டு நிக்காதே? நாலு பக்கமும் ஓட்டையைப் பார்த்துத்தான் டால் குடுத்திருக்கேன். பாத்ரூம் மாதிரி, பக்கா."

"டால்னா என்னங்க?" என்றார் சம்பந்தி.

"சரிவு சார். சோப்பு நழுவுனாக்கூட நேரா ஓட்டைக்குத்தான் வரும்."

என் கணவர் அண்ணாந்து பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தைப் பார்த்தார். சம்பந்தி மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நான் காபி போட்டுக்கொண்டு வந்தேன். பாதிக் காபியில் சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க மிஸ்திரி, அந்த டால் எத்தனை குடுக்கோணும்? எங்கூட்டு மொட்டை மாடியில எடமிருக்குதுங்க."

என் கணவர் உடனே அளக்கும் டேப்பை எடுத்து வர உள்ளே ஓடினார்.

இப்போது கோயம்புத்தூர் மாடியிலும் பச்சைப் புல் இருக்கிறது. கிளப் ஆட்கள் யாரையும் சம்பந்தி அங்கே ஏற்றுவதில்லையாம். ஞாயிறுதோறும் இருவரும் வீடியோ அழைப்பில் ஆடுகிறார்கள். ஒவ்வொரு பந்துக்கும் "பலே சம்பந்தி!" என்று மாறி மாறிக் கத்துகிறார்கள். போன ஞாயிறு சம்பந்தியின் பந்து ஒன்று குழிக்குள் விழாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. உடனே இருவரும் மிஸ்திரிக்குப் போன் போட்டார்கள்.