வாடாத வளையம்

ஒரு கிறிஸ்மஸ் காலத்தில் எங்கள் வீட்டு வாசற்கதவில் மலர்வளையம் தொங்கியது. அதைக் காயவைக்க நான் பட்ட பாட்டையும், காயவிடாமல் வைத்திருக்கப் பக்கத்து வீட்டுக்காரி பட்ட பாட்டையும் இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கிளென் வேவர்லியில் வாடகை வீடு. இன்று அங்கே நல்ல பள்ளிக்கூடத்துக்காக எங்கள் ஆட்கள் அடிபட்டு வீடு வாங்குகிறார்கள். அன்று அது ரயில் பாதை முடிகிற இடம், அவ்வளவுதான். ஸ்டேஷனைத் தாண்டினால் பழத்தோட்டங்களும், புதிதாக வெட்டிய தெருக்களும், சேறும். என் கணவர் வீதி அமைக்கும் ஒரு கந்தோரில் எஞ்சினியர். காலை ரயிலில் போனால் பின்னேரம் ஆறரைக்குத்தான் வருவார். கார் இல்லை. ரெலிபோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்தத் தெருவில் வேறு தமிழ் முகமே கிடையாது. நான் அப்போது ஏழு மாதம் முடிந்து எட்டாவது மாதத்தில் இருந்தேன்.

இது இரண்டாவது பிள்ளை. முதற்பிள்ளை தங்கவில்லை. கொழும்பு ஆஸ்பத்திரியில் எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. கணவரோடு வேலை செய்தவர்கள் மலர்வளையம் ஒன்று கொண்டுவந்தார்கள். பெட்டி சின்னது என்பதால் வளையத்தையும் சின்னதாகவே கட்டுவித்திருந்தார்கள். அதை யாரும் எனக்குக் காட்டவில்லை. கதவிடுக்கால் நானே பார்த்தேன்.

அதனால்தான் டிசம்பர் முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுக் கதவில் பச்சை இலைகளால் கட்டிய பெரிய வளையத்தைக் கண்டதும் நான் யன்னல் திரையை இழுத்து மூடினேன். ஊரில் வேதக்கார நண்பிகளின் வீடுகளில் கிறிஸ்மஸ் மரம் பார்த்திருக்கிறேன். நட்சத்திரக் கூடு பார்த்திருக்கிறேன். கதவில் வளையம் பார்த்ததே இல்லை. எங்களுக்கு வளையம் என்றால் ஒரே அர்த்தம்தான். போதாததற்கு, அந்த வீட்டு மனிதர் லொறி ஓட்டுபவர். சிட்னிப் பாதையில் போய்வருகிற அவருடைய லொறியை நாலு நாளாகக் காணவில்லை. முடிச்சுப் போட எனக்கு வேறென்ன வேண்டும்?

கணவர் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டு மனுசன் செத்துப்போச்சுது போலை கிடக்கு. ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோ. வயித்துப் பிள்ளையோடை நான் செத்த வீட்டுக்கு வரேலாது."

"ஆர் சொன்னது?"

"கதவிலை வளையம் தொங்குது. இதுக்கு மேலை ஆர் சொல்லவேணும்?"

மனிதர் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் திரும்பினார். செத்த வீட்டுக்குப் போனவரைத் தோயாமல் உள்ளே விடுவேனா? பின்வளவுக்கு வரச்சொல்லி ஹோஸ் பைப்பைத் தலையில் திருப்பினேன். ஒரு கையில் மூடிய தட்டு ஒன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் கத்தினார்.

"முதலிலை தண்ணியை நிப்பாட்டும்! ஒருத்தரும் சாகேல்லை. லொறியைத் திருத்தக் குடுத்திட்டு அந்த மனுசன் உள்ளுக்கை இருந்து ரீவி பாத்துக்கொண்டிருக்குது!"

தட்டில் கிறிஸ்மஸ் பலகாரம். வளையம் பண்டிகை அலங்காரம் என்று அங்கே போய்த்தான் அவருக்கு விளங்கியிருக்கிறது. ஆனால் விளங்குவதற்கு முன்பே வாசலில் தலையைக் குனிந்து நின்று, எங்களுக்குச் சரியான கவலை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். என்ன கவலை என்று அந்த வீட்டுக்காரி கேட்க, திருதிருவென்று விழித்து, ஊரையும் உறவையும் விட்டு வந்த கவலை என்று சமாளித்திருக்கிறார். பெரிய கெட்டித்தனம் செய்ததுபோல அதையும் என்னிடம் சொன்னார்.

அந்தக் கெட்டித்தனம் மறுநாள் காலை எங்கள் கதவைத் தட்டியது. பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். ஆனாலும் இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன், பிற்பாடு வந்த நெருக்கம் அப்படி. அவள் கையில், அவளுடைய கதவில் தொங்கியதைப்போலவே இன்னொரு வளையம். ஆணியும் சுத்தியலும் அவளே கொண்டுவந்திருந்தாள். என் மூஞ்சி போன போக்கை அவள் கவனிக்கவில்லை.

"முதல் கிறிஸ்மஸைத் தனியாகக் கழிக்கிறீர்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை" என்றாள்.

அவள் வேலியில் வெட்டிய சைப்பிரஸ் கிளைகள், பைன் குருத்துகள், நடுநடுவே எங்கள் நாவல் இலையைப் போலவே பளபளக்கிற ஒரு மர இலை. லில்லி பில்லி என்றாள். காம்புகளின் நுனியைச் சுத்தியலால் நசுக்கி, உடுப்புத் தோய்க்கும் தொட்டியில் இரவு முழுக்க ஊறப்போட்டாளாம். கம்பி வளையத்தைச் சுற்றி ஈரப் பாசி வைத்துக் கட்டினாளாம். அப்படிச் செய்தால் இந்த ஊர் வெயிலிலும் இலை கொட்டாதாம். பெருமையோடு எல்லாம் விளக்கினாள். நான் தாங்க் யூ, தாங்க் யூ என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவள் போனதும் கழிவறைக்குள் போயிருந்து அழுதேன்.

பின்னேரம் கணவரிடம் சண்டை.

"கழட்டி எறியுங்கோ. எட்டாம் மாசத்திலை என்ரை வாசலிலை வளையமோ?"

"எறியலாம். நாளைக்கு உமக்கு வலி கண்டா ஆற்றை ரெலிபோன்? ஆற்றை கார்? அவ ஒருத்திதானே எங்களோடை கதைக்கிற சனம்? மனம் நோகாதோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பச்சை இலைதானே, எங்கள் கதவு மேற்குப் பார்த்தது, பின்னேர வெயில் நெருப்பு. நாலு நாளில் காய்ந்து கருகிவிடும். காய்ந்ததைக் கழற்றினால் யாருக்கும் மனம் நோகாது. அதுவரைக்கும் முன்வாசலால் போகாமல் பின்பக்கக் குசினி வாசலால் போய்வந்தேன்.

நாலு நாள் என்று நான் நினைத்தது அவளைத் தெரியாமல். காலையில் தபால்காரன் வருவதற்கு முன்பே வந்துவிடுவாள். உடுப்பு அயன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கிற பிளாஸ்டிக் போத்தலோடு வந்து, வளையத்துக்குப் புஸ் புஸ் என்று அடிப்பாள். பின்னேரம் வெயில் சரிந்ததும் இன்னொரு தடவை. கழற்றிக் கொண்டுபோய்த் தொட்டியில் அமிழ்த்தி, சொட்டச் சொட்டத் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவாள். வெயில் அடிக்கிற நேரத்தில் வாசலுக்குக் குறுக்கே பழைய படுக்கைவிரிப்பு ஒன்றைக் கட்டி நிழலும் போட்டாள். எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற வீட்டைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவள் போனதும் விரிப்பை அவிழ்ப்பேன். ஒருநாள் உப்பைக் கரைத்து இலைகளில் ஊற்றினேன். அன்று பின்னேரமே அவள் தொட்டியில் அலசி எல்லாவற்றையும் கழுவிவிட்டாள். இரண்டு கிழமையாயிற்று. அவளுடைய சொந்தக் கதவு வளையம் பழுப்பேறிவிட்டது, எங்களுடையது நேற்றுக் கட்டினதுபோல் நின்றது. நேரம் முழுக்க அவள் எங்கள் கதவடியில் நின்றால் வேறெப்படி இருக்கும்?

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது பயமில்லை. ஈரச் சைப்பிரஸின் வாசம்தான் வருகிறது. நாளெல்லாம் வடக்குக் காற்று அனலாய் வீசி, பின்னேரம் திடீரென்று தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். தெரு முழுக்க யன்னல்களைத் திறக்கிற சத்தம் கேட்கும். அவள் தெளித்துவிட்டுப் போன தண்ணீர், இலைகளிலிருந்து படியில் சொட்டிக்கொண்டிருக்கும். இப்போது பத்து வருடத்துக்கும் வாடாத பிளாஸ்டிக் வளையங்களைக் கடையில் குவித்து வைத்திருக்கிறார்கள். கிட்டப்போய் மணந்து பார்ப்பேன். ஒரு வாசமும் இல்லை.

கிறிஸ்மஸுக்கு நாலைந்து நாள் இருக்கையில், தெருத் தார் உருகுகிற வெயில். காலை பத்து மணிக்கே தொட்டியிலிருந்து எடுத்த வளையத்தோடு வந்தாள். ஆணி தளர்ந்திருந்தது. அதை அடித்து இறுக்குவதற்காக, வளையத்தை ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.

என்னால் முடியவில்லை. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். வளையம் படியில் விழுந்தது. நான் ஓவென்று அழத் தொடங்கினேன். வலி வந்துவிட்டது என்று நினைத்து அவள் ரெலிபோனுக்கு ஓடப்போனாள். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கிருந்த ஆங்கிலத்தில், எங்கள் ஊரில் இதைச் செத்தவர்களுக்கு வைப்பார்கள் என்றேன். கொழும்பில் பிறந்த பிள்ளையைப் பற்றியும், சின்னப் பெட்டியைப் பற்றியும், கதவிடுக்கால் பார்த்த வளையத்தைப் பற்றியும் சொன்னேன். கணவரிடம்கூட அவ்வளவு விபரமாகச் சொன்னதில்லை.

அவள் அப்படியே படியில் இருந்துவிட்டாள். வெயிலில் சிவந்திருந்த முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏன் சொல்லவில்லை? இரண்டு கிழமையாக நான் இதற்குத் தண்ணீர் தெளித்திருக்கிறேனே" என்றாள்.

"நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று."

விழுந்து கிடந்த வளையத்தை என் கண்ணில் படாமல் தன் முதுகுப் பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு, நல்லது நடக்கிற வீட்டில் உங்கள் ஊரில் என்ன கட்டுவீர்கள் என்று கேட்டாள். மாவிலைத் தோரணம் என்று சொல்லி, வாசலின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை கையால் கோடு இழுத்துக் காட்டினேன். எழும்பிப் போய்ச் செடி வெட்டும் கத்தரியும் உடுப்புக் காயப்போடும் கயிறும் கொண்டுவந்தாள். வளையத்தின் கம்பியை வெட்டினாள். ஒவ்வொரு கொப்பாகப் பிரித்தெடுத்தோம். லில்லி பில்லி இலைகளை மட்டும் நான் எடுத்து, மாவிலை மடிக்கிற மாதிரி மடித்து ஈர்க்குக்குப் பதிலாகக் குண்டூசி குத்தினேன். அவள் ஸ்டூலில் ஏறிக் கட்டினாள். அண்ணாந்து பார்த்தேன். மனம் இலேசாகிவிட்டது. கழுத்தில் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்டதுபோல அன்று மத்தியானம் நன்றாக நித்திரை கொண்டேன்.

ஜனவரியில் ஒரு காலை, கணவர் வேலைக்குப் போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, வலி கண்டது. அவள்தான் காரில் கொண்டுபோனாள். வழி முழுக்க என் பக்கம் திரும்பாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு, தாதி வந்து சக்கர நாற்காலியைப் பிடித்ததும் போய்விட்டாள்.

பெண் குழந்தை. நல்ல சுகம். ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரிகளுக்குப் பூங்கொத்தோடு சனம் வந்துபோயிற்று. அவள் ஒருநாளும் வரவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வலி கண்டபோது தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கு, பிறந்த பிள்ளையை எட்டிப் பார்க்க ஏலாதா? எங்கள் நிறத்துப் பிள்ளையைப் பார்க்க மனமில்லையோ என்றுகூட நினைத்தேன். அதை நினைத்ததற்காக இன்றும் எனக்கு வெட்கம்.

வீட்டுக்கு வந்த அன்று வாசலில் தோரணம் பச்சைப் பசேலென்று நின்றது. மூன்று கிழமையாகிறது. அதற்குள் எத்தனை வெயில் எரித்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"அதென்ன மந்திரமே? தண்ணி தெளிச்சா இவ்வளவு நாளைக்கு நிக்குமோ?" என்று கணவரைக் கேட்டேன்.

"தண்ணியும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் விடியக் காலமை, நீர் எழும்ப முன்னமே வந்து ஸ்டூலிலை ஏறுவா. வாடின இலையைக் கழட்டிப்போட்டுப் புது இலை குத்துவா. அண்டைக்கு நீர் அவவோடை கட்டின இலையிலை ஒண்டுகூட இப்ப அதிலை இல்லை."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு ஏன் வரேல்லை?"

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "நானும் கூப்பிட்டனான். அந்த வளையத்தைக் கொழுவினது தான்தானாம். ரெண்டு பேரும் சுகமா வீட்டை வந்து சேருமட்டும் கிட்ட வரமாட்டனெண்டு சொல்லிப்போட்டா" என்றார்.

தோரணம் கட்டிய நாளிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். என் பயத்தை முழுதாக அவளிடம் கொடுத்துவிட்டு நான் தூங்க, அவள் அதை வைத்துக்கொண்டு தினமும் காலையில் இலை மாற்றியிருக்கிறாள்.

பிள்ளை பெற்றவள் முப்பத்தொரு நாள் கழியுமட்டும் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. செத்த வீட்டுக்குப் போகாத கணவனைக் குழாயடியில் தோயவார்த்த எனக்கு அது தெரியாததா? பிள்ளையைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே போய் அவளுடைய கதவைத் தட்டினேன்.

திறந்தவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. எட்டிப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் தொடலாமா? உங்கள் வழக்கத்தில் நான் தொட்டால் பரவாயில்லையா?"

நான் அவளுடைய கையைப் பிடித்து முன்னால் இழுத்து, பிள்ளையை அதில் வைத்தேன். அவள் மூச்சுக்கூட விடாமல் நின்றாள். பிள்ளை நெளிந்தது, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது, பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.