பாப்பாவின் நோவும் பத்துமலையின் கார்டும்

பத்துமலைக்கு நோவு வந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் முனகிக் கேட்காதவர்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஒருத்தரும் கிடையாது.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் அப்போது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, இரண்டு பெரிய போத்தல். சிவப்பு மருந்து காய்ச்சலுக்கு, வெள்ளை மருந்து மிச்சம் எல்லாவற்றுக்கும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் டிரஸ்ஸர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை, ஆனால் பத்து டாக்டருக்கு உண்டான கோபம் அவர் ஒருத்தருக்கே இருந்தது. நிமிர்ந்து நடந்து வந்தவனுக்கு அவரிடம் மருந்து கிடையாது. "நல்லாத்தானடா நடக்குற? போ, போய் மரத்த வெட்டு!" என்று விரட்டிவிடுவார். அதனால் பால்மரம் வெட்டுகிற ஜனம் முழுக்க அந்தக் கொட்டகைக்குக் கொஞ்சம் கூன் போட்டுக்கொண்டுதான் வரும்.

அதில் பத்துமலையை அடித்துக்கொள்ள ஆளில்லை. பத்தடி தூரத்திலேயே இடுப்பைப் பிடித்துவிடுவார். ஐந்தடியில் முனகல் ஆரம்பிக்கும். மேசைக்கு முன்னால் வரும்போது கண் பாதி செருகியிருக்கும். டிரஸ்ஸரே ஒருமுறை பயந்துபோய் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாராம்.

அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். முனகல்தான் அவருடையது. நோவு எல்லாம் அவர் பெண்டாட்டி பாப்பாவுடையது.

பாப்பா அந்தக் கொட்டகைப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டாள். டிரஸ்ஸருக்கு வெண்கலத் தொண்டை. "எங்க வலி? எத்தன நாளா?" என்று அவர் கேட்டால் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டுக்குக் கேட்கும். நாலு பேர் முன்னால் வயிற்று வலியைச் சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்பது அவள் கட்சி. அதனால் அவளுக்குத் தலை வலித்தால் பத்துமலை தலையைப் பிடித்துக்கொண்டு போவார். அவளுக்குக் குளிர்காய்ச்சல் என்றால் இவர் போர்வையோடு போய் நடுங்குவார். மருந்தை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

ஒருநாள் இப்படித்தான், "காலையில எந்திரிச்சா தல சுத்துதுங்கய்யா, சோத்தப் பாத்தா கொமட்டுது, மாங்கா திங்கணும்போல இருக்கு," என்று ஒப்பித்திருக்கிறார். டிரஸ்ஸர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டா பத்துமலை, நீ முழுகாம இருக்கியா?" என்றார். வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. மகன் கோகிலன் வயிற்றில் வந்த சேதி பாப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னால் தோட்டத்துக்கே தெரிந்தது அப்படித்தான். அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அதெல்லாம் முப்பது வருஷத்துக் கதை. தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், இவர்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங் பக்கம் நாலாவது மாடியில் ஒரு வாடகை வீட்டில் ஒதுங்கினார்கள். லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதுதான் இல்லை. பாப்பா கச்சான் கடலைப் பொட்டலம் கட்டுகிற இடத்தில் நாள் சம்பளத்துக்குப் போகிறாள். பத்துமலைக்கு வசதிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு தாமானில் வாசல் காக்கும் ஜாகா வேலை. தடுப்புக் கட்டையைத் தூக்குவதும் இறக்குவதும்தான்.

வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் நடப்பு எல்லாம் அத்துப்படி. பேங்கில் வேலை செய்யும் எட்டாம் நம்பர் வீட்டுக்காரருக்குப் பல் வலித்தால்கூடத் தனியார் ஆஸ்பத்திரி, கம்பெனி கார்டு. பதினாலாம் நம்பர் வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியாக்காரப் பெண்ணுக்குப் பெர்மிட் எடுக்கும்போதே முதலாளி இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். கவர்மெண்ட் உத்தியோகம் பார்த்து பென்சனில் இருக்கும் ஸ்கந்தராஜா ஐயாவுக்கு ஒரு கடிதம் போதும், முதல் வகுப்பு வார்டு, தனிக் கட்டில். பத்துமலைக்கு வேலையில் அடிபட்டால் சொக்சோ இன்சூரன்ஸ் உண்டு. தடுப்புக் கட்டை தலையில் விழுந்தால்தான் உண்டு. சிலிம் ரிவர் பக்கம் இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் மச்சினன் பாடு இன்னும் மோசம், பெரிய நோவு என்றால் பஸ் ஏற வேண்டும்.

"எனக்கு கவர்மெண்ட் இருக்கு பத்துமலை," என்பார் ஸ்கந்தராஜா ஐயா, காரை நிறுத்திக்கொண்டு. "உனக்கு யார் இருக்கினம்?"

"எனக்கு பாப்பா இருக்கா ஐயா."

"பாப்பாவுக்கு?"

அதற்குப் பத்துமலை கட்டையைத் தூக்கிவிட்டு சலாம் வைப்பார்.

இந்த நிலைமையில்தான் கோகிலனிடமிருந்து போன் வந்தது. அவனுக்குத் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் ஃபேக்டரியில் வேலை. இனிமேல் வேலைக்காரர்களின் அப்பா அம்மாவுக்கும் மெடிக்கல் கார்டு தருகிறார்களாம். அறுபது வயதுக்குள் இருக்க வேண்டும். டாக்டர் சோதித்துப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். மாதக் கடைசியோடு கதவை மூடிவிடுவார்கள், மறுபடி திறக்கமாட்டார்கள்.

பத்துமலைக்குக் கை கால் ஓடவில்லை. கார்டு ஆசை அவருக்காக இல்லை. பாப்பா கொஞ்ச நாளாகவே சரியில்லை. கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்கு வா என்றால், "ஒரு வெள்ளிக் காசு கட்டுறதுக்கு ஒரு நாள் சம்பளம் போயிடும்ங்க, எனக்கு ஒண்ணுமில்ல," என்று வாயை அடைத்துவிடுகிறாள். கார்டு இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் தனியார் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். அவளுக்கு ஒரு சாக்கும் மிஞ்சாது. எப்படியாவது அந்தக் கார்டை வாங்கிவிட வேண்டும் என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

"டாக்டர் கேட்டா உள்ளதச் சொல்லுங்கப்பா. மறைக்காதீங்க, பின்னால பிரச்சினை," என்று கோகிலன் படித்துப் படித்துச் சொன்னான்.

கிளினிக்கில் டாக்டர் மாதுமை சின்ன வயதுப் பெண். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அதைப் பார்த்ததும் பத்துமலையின் முதுகு தானாக வளைந்தது. கை இடுப்புக்குப் போனது.

"என்ன செய்யுது அங்கிள்?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது டாக்டரம்மா. நாலு மாடிக்கு மூணு தடவ உக்கார வேண்டியிருக்கு. இடது தோள்ல மூட்டைய வச்ச மாதிரி கனம். சாயங்காலமானா காலு வீங்கிப்போவுது, செருப்பே ஏறமாட்டேங்குது. தட்டையாப் படுக்க முடியல, ரெண்டு தலகாணி வேணும்." நடுநடுவே டிரஸ்ஸரையே கலங்க வைத்த அந்த முனகல்.

டாக்டர் பேனாவை எடுத்தவர் வைக்கவே இல்லை. மார்பில் ஒயர்களை ஒட்டி நெஞ்சுப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நடக்கும் மெஷினில் ஏற்றி ஓட விட்டார்கள். ஓடும்போதும் முனகினார். ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

பிறகு பாப்பா. "உங்களுக்கு ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல."

"மூச்சு, நெஞ்சு, கால்?"

"ஒண்ணுமில்லம்மா."

டாக்டர் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூட இருக்கிறது, பயமாக இருக்கலாம், அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், கார்டு ஃபாரத்தை அன்றைக்கு முடித்துவிடலாம் என்று அனுப்பினார்.

விஷயம் தெரிந்ததும் கோகிலன் போனிலேயே குதித்தான். "அப்பா! நான் என்னா சொன்னேன்?"

"உள்ளதச் சொல்லச் சொன்ன."

"உங்களுக்கு உள்ளத லா! நீங்க நாலு மாடி மூச்சு விடாம ஏறுவீங்க. டாக்டர் அப்படியே எழுதிட்டா கார்டு போச்சு. உங்கள தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்."

பத்துமலை போனைக் கீழே வைத்தார். தான் போட்ட கூத்தில் பாப்பாவின் கார்டும் சேர்ந்து போய்விடுமோ என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு ஸ்கந்தராஜா ஐயாவிடமே கேட்டார். "ஐயா, டாக்டருகிட்ட நல்லா இருக்கேன்னு எப்படிச் சொல்றது?"

அறுபத்தேழு வயதில் அவரிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. காரை விட்டு இறங்கியே வந்துவிட்டார். "நிமிர்ந்து நில். கையை இடுப்பில வைக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல். எங்க, சொல்லு பாப்பம்."

"நல்லா இருக்கேங்கய்யோ…"

"முனகாத!"

பின்னால் மூன்று கார் ஹார்ன் அடித்தது. கட்டையைத் தூக்க ஆளில்லை.

சனிக்கிழமை பத்துமலை இஸ்திரி போட்ட சட்டையில், அணிவகுப்புக்குப் போகிறவரைப்போல விறைப்பாக டாக்டர் முன் உட்கார்ந்தார். "நல்லா இருக்கேன்," என்றார், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

"தெரியும் அங்கிள்," என்றார் டாக்டர் மாதுமை. "நெஞ்சுப் படம் சுத்தம். ரத்தம் சுத்தம். உங்கட இதயம் நாற்பது வயசுக்காரன்ட இதயம். கால்ல ஒரு சொட்டு வீக்கம் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நீங்க சொன்னது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. பொய் சொல்ற ஆக்களுக்கு அப்படிப் பொருந்தாது. அந்த நோவு எல்லாம் ஆருடையது?"

பத்துமலை மெல்லத் திரும்பிப் பார்த்தார். பாப்பா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்பு இரண்டு ஜோடி. இரண்டும் ஆம்பளைச் செருப்பு, ஒரே அளவு.

"ஆன்ட்டி, உங்கட செருப்பு எங்க?"

"இதான் வசதியா இருக்கும்மா," என்றாள் பாப்பா, சின்னக் குரலில்.

"கட்டில்ல ஏறிப் படுங்கோ."

ஒயர்கள் ஒட்டினார்கள். காகிதம் நீளமாக வந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. இதயம் சரியில்லை, நல்ல காலம் இப்போது தெரிந்தது, இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கடிதம் எழுத ஆரம்பித்தார்.

"அப்ப கார்டு?" என்றார் பத்துமலை.

"உங்களுக்குக் கிடைக்கும் அங்கிள். ஒண்ணும் இல்லையெண்டு எழுதிட்டன். ஆன்ட்டிக்கு அப்படி எழுத ஏலாது. கம்பெனி எடுக்காது."

கார்டு வேண்டாதவருக்குக் கார்டு, வேண்டியவளுக்கு இல்லை. பத்துமலைக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலி நுனிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்ததையே செய்தார்.

"டாக்டரம்மா, அந்த நோவ எம்பேர்ல எழுதிடுங்களேன். எனக்குத்தான் கார்டு வருதே. மருந்த நான் வாங்கி அவகிட்ட குடுத்துடறேன்."

டாக்டர் மாதுமை எழுதுவதை நிறுத்தினார். "இது போத்தல் மருந்து இல்ல அங்கிள்," என்றார். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல அவதான் படுக்க வேணும்."

கார்டு பிற்பாடு வந்துசேர்ந்தது. பளபளவென்று, பத்துமலையின் பேர் போட்டு. இன்று வரைக்கும் அவருக்கு ஒரு தும்மல் வரவில்லை. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் மாதாமாதம் பாப்பாவைப் பெரியாஸ்பத்திரி வரிசையில் உட்கார வைக்கிறார்.

அன்றைக்கு முதல் தடவை போனபோது கவுண்டரில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி இருந்தாள், கருணையான முகம். கடிதத்தை வாங்கிக்கொண்டு, "யாருக்கு நோவு?" என்று கேட்டாள். பின்னால் நீளமான வரிசை. பத்துமலையின் கை இடுப்புக்குப் போகப் பார்த்தது. அவர் அதை இழுத்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மிஸ்ஸி. இவளுக்குத்தான்."

பிறகு மூச்சு, தோள், கால், தலகாணி என்று ஒன்று விடாமல் சொன்னார். இந்தத் தடவை முனகவில்லை. மிஸ்ஸி எழுதிக்கொண்டே, "வேற ஏதாச்சும்?" என்றாள்.

"அவ்வளவுதான்."

பாப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாலு பேர் கேட்க, முதல்முறையாக அவளே வாயைத் திறந்தாள்.

"முதுகு. முதுக விட்டுட்டீங்க."

பத்துமலை திகைத்துப்போய்த் திரும்பினார். "முதுகா? எத்தன நாளா?"

"கோகிலன் பொறந்ததுலேர்ந்து."

அவருக்குத் தெரியாமல் அவளிடம் ஒரு நோவு இருந்திருக்கிறது. முப்பது வருஷமாக. பத்துமலை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் யாரோ நகரச் சொல்லிக் கத்தினார்கள். அவர் நகரவில்லை.

"எழுதிக்குங்க மிஸ்ஸி," என்றார். "முதுகும்."