கோழியைச் சாக்கிட்டு

கின்னிக்கோழியை அழகு என்று சொல்கிறவர்கள் யாரும் அதை வளர்த்தவர்களாக இருக்க முடியாது. சாம்பல் நிறத்தில் புள்ளிபோட்ட உடம்பு. அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு மொட்டைத் தலை, தலைமேல் ஒரு கொம்பு. அந்தத் தலைக்குள் மூளை என்று எதுவும் கிடையாது. விடிவதற்கு முன்னால் தொண்டையைத் திறந்தால் பொழுது சாய்ந்து மரத்தில் ஏறுகிறவரை கத்தும். இலை விழுந்தால் கத்தும். தபால்காரர் வந்தால் கத்தும். கூட்டத்தில் ஒன்று கண்மறைவாகப் போய்விட்டால், துருப்பிடித்த கைப்பம்பை அடிக்கிற மாதிரி அது திரும்பி வருகிறவரை கத்தும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் வளர்த்தேன்.

காரணம் பாம்பு. பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்கள் நிலம், நிலத்தை ஒட்டியே வீடு. பின்வாசலைத் தாண்டினால் நெல், நெல்லுக்கு அப்பால் கரும்பு. கரும்பு வெட்டுகிற சமயத்தில் அங்கிருக்கும் எலியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ஒரு தடவை என் மகள் துணி துவைக்கிற கல்லடியில் விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தாள். அங்கே கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்தது. கடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் பின்வாசலில் கால் வைக்க மறுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் பாத்ரூம் பின்பக்கம்தான். பிளஸ் டூ படிக்கிற பெண், நான் கூடப் போனால்தான் போவாள். அங்கே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நிக்கிறியா, நிக்கிறியா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கின்னிக்கோழி இருந்தால் பாம்பைப் பிடித்துத் தின்றுவிடும் என்று எவனோ என் கணவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் வில்லியனூர் பக்கம் போய் ஒரு கூடை நிறையக் குஞ்சுகளோடு வந்து நின்றார். தின்றதும் இல்லை, பிடித்ததும் இல்லை. பாம்பைக் கண்டால் சுற்றி நின்றுகொண்டு ஊரைக் கூட்டும், அவ்வளவுதான். ஆனால் அது போதுமாக இருந்தது. அவை வளர்ந்து பின்பக்கம் மேய ஆரம்பித்த பிறகு என் மகள் தனியாகப் போய்வந்தாள். அதற்காகத்தான் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீடு என் ஓரகத்தியுடையது. என் கணவரின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். பின்பக்கம் மட்டும் இடுப்பளவுச் சுவர். பாகம் பிரித்தபோது மாமியார் காலத்துக் கல்தொட்டி அவள் பக்கம் போனது. தொட்டியோடு பேச்சும் போனது. பேச்சு போனது என்றால் வாய் சும்மா இருந்தது என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஜாடை பேசத் தெரியும். ஆளைப் பார்க்காமல் ஆட்டையோ கோழியையோ பார்த்துத் திட்ட வேண்டும். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவளுக்குப் போய்ச் சேரும். சண்டைக்கு வந்தால், நான் என் கோழியைத்தானே சொன்னேன் என்று சொல்லிவிடலாம்.

"சனியனே, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? உன்ன வளக்கிறவளுக்கு இருக்கிற வாய்தானே உனுக்கும் இருக்கும்!" என்பாள் அவள், என் கின்னியைப் பார்த்து.

"நீ கத்துடி ராசாத்தி. தொட்டிய வாரிக்கினு போனவங்களே வெக்கமில்லாம நடமாடறாங்க, உனுக்கு இன்னா?" என்பேன் நான், அதே கின்னியைப் பார்த்து.

இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. நாங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் ஒரு நாள்கூட இருந்ததும் இல்லை.

பிறகு அந்த மழை வந்தது. கின்னிகள் அப்போதுதான் புதிதாகக் குஞ்சு பொரித்திருந்தன. கின்னிக்குஞ்சுக்கு ஈரம் என்றால் எமன். புல்லில் பனி இருந்தாலே போதும், வயிறு நனைந்து விறைத்து மத்தியானத்துக்குள் சாய்ந்துவிடும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதிலேயே விழுந்து சாகும். கூழாங்கல் போட்டு வைத்தேன். தரையில் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் விரிந்துபோய், எழுந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. கோணிச்சாக்கு விரித்தேன். இவ்வளவும் செய்து, பாதி வளர்த்துக் கொண்டுவந்த பிறகு, பெரியது சிறியது பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ரத்தக் கழிச்சல் வந்தது. சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுவரோரம் நின்றன. அவை கத்தாமல் நின்றதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா எச்சத்தைப் பார்த்துவிட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "தண்ணியில கலந்து வைங்க. வேற தண்ணிய குடிக்க விடாதீங்க. தரை காயணும்" என்றார். அந்த மழையில் பாகூரில் எந்தத் தரை காயும்? காணும் இடமெல்லாம் குட்டை. மருந்துத் தண்ணீரை விட்டுவிட்டு அந்தச் சனியன்கள் குட்டையில்தான் வாயை வைத்தன. பிடித்து அடைக்கலாம் என்றால் அதிலும் வம்பு. நாட்டுக்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி கின்னியைத் தூக்க முடியாது, கால் கழன்றுவிடும். இரண்டு சிறகையும் சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும். அதற்குள் கையை ரத்தம் வரப் பிறாண்டிவிடும்.

தினமும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். என் மகள் அழுதுகொண்டே மண் தள்ளினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி தன் கருப்புக் கோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அங்க போவாதடி கருப்பி. சீக்குப் புடிச்ச வூடு. எங்கிருந்தோ கொண்டாந்த நோயி, ஊருக்கே ஒட்டிவுட்டுடுவாங்க."

பெண் அழுதுகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அவள் தலையில் இடி விழட்டும் என்று மனதார நினைத்தேன்.

கடைசியில் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் மிஞ்சின. பெட்டை கரும்போரம் யாருக்கும் தெரியாமல் முட்டையிட்டு அடையில் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் அந்தப் பக்கமிருந்து கீரிப்பிள்ளை ஓடியதைப் பார்த்துவிட்டுப் போனேன். பெட்டைக்குக் கழுத்து இல்லை. அதன் வயிற்றுக்குக் கீழே முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன. எத்தனை நாள் அடைகாத்ததோ தெரியாது. முந்தானையில் வாரிக்கொண்டு வந்தேன். இவை பொரித்தால் உண்டு, இல்லாவிட்டால் என் மகள் மறுபடி, "அம்மா, நிக்கிறியா" என்று கேட்கப் போகிறாள். ஒற்றைச் சேவலை நம்பி அவள் பின்பக்கம் போக மாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

என்னிடம் அடைக்கோழி இல்லை. கருப்பி அடையில் இருந்தது. வேறு வழியில்லை.

என் கணவர் அவர் அண்ணனிடம் பேசினார். வாரத்துக்கு, அதாவது பங்குக்கு விடுகிற ஏற்பாடு. முட்டை எங்களுடையது, கோழி அவர்களுடையது, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. ஓரகத்தி வாயே திறக்காமல் கூடையை வாங்கிக்கொண்டாளாம். நாட்டுக்கோழி முட்டை மூன்று வாரத்தில் பொரித்துவிடும், கின்னிக்கு நாலு வாரம் பிடிக்கும், அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். சொன்னேன் என்றார். அண்ணன் தலையாட்டினார் என்றார். அந்தக் குடும்பத்து ஆண்கள் தலையாட்டுவதும் காற்றில் வாழையிலை ஆடுவதும் ஒன்று.

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தொட்டியை வாரிக்கொண்டு போனவளிடம் நானா முதலில் வாய் திறப்பது? ஆனாலும் சொல்லாமல் விடவில்லை. கருப்பி தீனி தின்ன இறங்கி வந்த நேரம் பார்த்து, சுவரோரம் நின்று, கணீரென்று சொன்னேன்.

"கருப்பி, மூணு வாரத்துல எழுந்துடாதடி. இது கின்னி முட்டை, நாலு வாரம் ஆவும். பொறுமைன்னு ஒன்னு உங்க வூட்ல யாருக்குனா இருந்தா, ஒழுங்கா அடையில உக்காரு!"

கடைசி வாக்கியம் தேவையில்லாததுதான். அது இல்லாமல் எனக்கு வாய் மூடாது.

மூன்று வாரம் முடிந்தது. ஒரு சாயங்காலம் என் மகள் ஓடி வந்தாள். "அம்மா, நம்ம முட்டையெல்லாம் அவங்க குப்பமேட்ல கெடக்குதும்மா!"

போய்ப் பார்த்தேன். சாம்பல் மேல் உருட்டிவிட்டிருந்தாள். ஒன்று உடைந்திருந்தது. உள்ளே முழுக் குஞ்சு, இறகெல்லாம் முளைத்து, அலகை ஒரு தடவை திறந்து மூடியது. அவ்வளவுதான், அடங்கிவிட்டது. அந்தப் பக்கம் கல்தொட்டியோரம் கருப்பி சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது. மூக்கில் ஒரு இறகு குத்தியிருந்தது. அடை தெளிந்து கோழி எழுந்து மேய்வதற்குச் செய்கிற வைத்தியம். தண்ணீரில் முக்கி எடுத்து மூக்கில் இறகைச் சொருகுவது. என் தொட்டியில் முக்கியிருக்கிறாள்.

சுவரைத் தாண்டிக் குதித்தேன். கோழியை எல்லாம் பார்க்கவில்லை, அவள் மூஞ்சியைப் பார்த்தே கேட்டேன்.

"உனுக்கு மனசாட்சி இருக்குதாடி? உசுரோட கீற முட்டையத் தூக்கி எறிஞ்சிருக்கியே!"

"இன்னாடி உசுரு? மூணு வாரமும் முடிஞ்சி மேலயும் போச்சி. கூமுட்டை மேல உக்காந்து எத்தினி நாளைக்கு என் கோழி காஞ்சி சாவணும்?"

"நாலு வாரம் ஆவும்னு சொன்னனே! இந்தச் செவுத்தாண்ட நின்னுதானே சொன்னேன்!"

"யாரண்ட சொன்ன? கோழியண்ட சொன்ன!" அவளுக்கு மூச்சு இரைத்தது. "உன் வாயில வர்றது எல்லாமே என்னத் திட்றதுதான். அதுல எது முட்டைக்கு, எது எனக்குன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? நீ வாயத் தொறந்தாலே நான் காத மூடிக்குவேன்."

அவள் சொன்னது நிஜம். நிஜமாக இருந்ததால் அவளை இன்னும் வெறுத்தேன்.

அவள்தான் முதலில் குனிந்து முட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒரு குண்டானில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உயிருள்ள முட்டை அதில் மிதந்து லேசாக ஆடும். குண்டானுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தோம். அதிகம் ஆடவில்லை. ஆடியவற்றைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் உமியைப் பரப்பி, குண்டு பல்பு போட்டு என் வீட்டில் வைத்தேன். கரண்ட் போனபோதெல்லாம் சுடுதண்ணீர் பாட்டில் வைத்தேன். பொரித்தது ஒன்றே ஒன்று. மற்றவை ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின.

ஒன்றை எப்படிப் பாதியாக்குவது? கருப்பிக்கு அந்த வைத்தியத்திலும் அடை தெளியவில்லை. குஞ்சின் சத்தம் கேட்டதும் சுவரேறி வந்து சிறகுக்குள் வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டது. நான் தடுக்கவில்லை. ஈரத் தரையில் விடாமல் கொட்டகையிலேயே வைத்து, எறும்பு முட்டையும் கரையானும் போட்டு ஓரகத்தி வளர்த்தாள். மழை பிடித்தால் கோணியால் மூடினாள். அது பிழைத்தது. என் சேவலோடு சேர்ந்து அதே சுவரில் உட்கார்ந்து இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கத்தியது. என் மகள் பின்வாசலுக்குப் போகத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் மறுபடியும் கோழியைத் திட்ட ஆரம்பித்தோம்.

கரும்பு வெட்டு தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நல்லவாட்டிலிருந்து வருகிற மீன்காரம்மாவிடம் வாங்கிய சங்கராவைப் பின்வாசற்படியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். என் மகள் காதில் இயர்போனோடு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கின்னிகள் உயிர்போகிற மாதிரி கத்தின. அவை எதற்குத்தான் கத்தவில்லை? நான் நிமிரவில்லை.

"ஏய் குருடி! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? அங்க பாரு!" சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் குரல்.

ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். செதிலைச் சுரண்டிக்கொண்டே, இதற்கு எந்தக் கோழியிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன்.

"கோழிய இல்லடி! உன்னத்தான்டி சொல்றேன்! பொண்ணு காலாண்ட பாரு!"

திரும்பினேன். துவைக்கிற கல்லுக்கும் அவள் குதிகாலுக்கும் நடுவில் அது கழுத்தை இழுத்துச் சுருட்டிக்கொண்டு சீறிக்கொண்டிருந்தது. அரிவாள்மணையைத் தாண்டி ஓடி, அவள் தலைமுடியோடு பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். கின்னிகள் சுவரிலிருந்து இறங்கி அதைச் சுற்றி நின்று கத்தின. பாம்பு வரப்பில் இறங்கிக் கரும்புக்குள் போனது.

ஓரகத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அவள் மேல் எனக்கு இருந்த கோபம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. தொட்டியும் அவள் பக்கம்தான் இருந்தது.

மத்தியானம் குழம்பு கொதித்ததும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப்போய்ச் சுவர்மேல் வைத்தேன். கருப்பி அங்கேதான் சீய்த்துக்கொண்டிருந்தது. பழக்கத்தில் வாய் அதன் பக்கம் போனது. அடக்கிக்கொண்டேன்.

"மீன் கொழம்பு" என்றேன்.

அவள் கிண்ணத்தையும் பார்த்தாள், கருப்பியையும் பார்த்தாள். "யாரண்ட சொல்ற?"

"உங்களத்தான்க்கா."

வாங்கிக்கொண்டு போனாள். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை.