அத்தான் வந்தால் அடங்கும் இரைச்சல்

என் அத்தானைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாகக் கரண்டோடு மல்லுக்கட்டியும் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. எதைத் தொடுவதற்கு முன்னும் சுவிட்சை அணைத்துவிடுவார், அதுதான் காரணம். வீட்டில் மிக்சி ஜாரைக் கழற்றுவதற்குக்கூட அப்படித்தான்.

அக்காவுக்குச் சத்தம் போட்டு வாசிப்பதென்றால் உயிர். நாங்கள்தான் உட்கார்ந்து கேட்க மாட்டோம். புத்தகங்களை ஒலிப்பதிவாக வெளியிடும் ஒரு நிறுவனத்துக்குக் குரல் மாதிரி அனுப்பினாள். குரல் பிரமாதம், ஆனால் பின்னால் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் என்று சொல்லி இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். மூன்றாவதுதான் கடைசி, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டுமாம். அன்று காலையிலிருந்து அக்கா பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

ஃபேனை நிறுத்தினோம், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டோம். இரைச்சல் அசைந்து கொடுக்கவில்லை.

"ஏங்க, நீங்க ஒருதடவை பாருங்களேன்" என்றாள் அக்கா.

அத்தான் வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். "ஒண்ணுமே கேக்கலையே. மைக்லேருந்து யுஎஸ்பி வயர்ல வர்றது வெறும் நம்பர்தான். அதுல எங்கேருந்து சத்தம் வரும்? உன் காதுலதான் கோளாறு."

அவர் போனதும் அக்கா போட்டுப் பார்த்தால் ங்ங். அவர் வந்தால் அமைதி. மூன்று முறை இதே கூத்து. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கோ கோபம் தலைக்கேறியது.

நாலாவது முறை ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டு அவரையே கவனித்தேன். மனிதர் உள்ளே நுழைந்ததும் கை தானாகச் சுவருக்குப் போய் ஒரு சுவிட்சை அணைத்தது. என் காதில் இரைச்சல் நின்றது.

"எதுக்கு அத்தான் அதை ஆஃப் பண்ணீங்க?"

"எதை?" அவருக்கே தெரியவில்லை.

அது லேப்டாப் சார்ஜரின் சுவிட்ச். திரும்பிப் போகும்போது கடமை தவறாமல் போட்டுவிட்டும் போயிருக்கிறார்.

அத்தான் தலையைச் சொறிந்தார். "அட, ஆமா. நம்பர் வர்ற அதே வயர்லதானே மைக்குக்குக் கரண்டும் போகுது. சார்ஜரோட இரைச்சல் அதுல ஏறிக்கிட்டு மைக்குக்குள்ள போயிடுது."

சார்ஜரைப் பிடுங்கினோம். பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும், அக்காவுக்குப் பதினைந்து போதும். வாசித்து முடித்து நாலே முக்காலுக்கு அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது, முதல் புத்தகம் அவளுக்குத்தான் என்று. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. அத்தான் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நான்தான் நேத்தே சொன்னேனே, சத்தமே இல்லைன்னு."