வெந்நீருக்குச் சீட்டு

சாரல் தொடங்கிய முதல் வாரத்திலேயே என் நாத்தனார் குற்றாலத்தில் வைத்து என்னைக் கேட்டுவிட்டாள். பேரருவியில் குளித்துவிட்டு ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தோம். அருவிச் சத்தத்தில் மெல்லப் பேசினால் காதில் விழாது. அதனால் கத்தித்தான் கேட்டாள். சுற்றி நின்ற தென்காசிப் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏட்டி, கப்பல்ல நீ டெக்குல எறங்கிப் போயி கண்டவ கையில தண்ணி வாங்கிக் குடிச்சியாமே, நெசந்தானா?"

"நான் குடிச்சது பெறவு மதினி. மொதல்ல எம் பிள்ளைக்குக் குடுத்தேன்" என்று நானும் கத்தினேன்.

அவள் பிழிந்த சேலையையே மறுபடியும் பிழிந்தாள். ரங்கூனிலிருந்து மாப்பிள்ளை எழுதிய கடிதத்தில் அந்தச் செய்தி இருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள். என் கதையை அடுத்தவர்கள் வாயில் விட்டுவைக்க எனக்கு விருப்பமில்லை. நடந்ததை நானே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்து மாப்பிள்ளை ரங்கூனில் வீடு பார்த்துவிட்டார், பெண்ணைக் கொண்டுவந்து விடச் சொன்னார். என் கணவருக்குக் கோர்ட்டு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. நான் கூட்டிப் போவதென்று ஆனது. அறையில்லாத டெக்கு டிக்கெட் எடுக்கலாம், நாலு நாள்தானே என்றேன். நாத்தனார் விடவில்லை.

"நம்ம வீட்டுப் பிள்ளை கூலிக்காரங்களோட சாக்க விரிச்சிப் படுத்துட்டா போவும்? நல்லாருக்கே!"

என் கணவர் களத்திலிருந்த நெல்லை விற்று இரண்டாம் வகுப்பில் கேபின் எடுத்தார். சாப்பாடு சேராத டிக்கெட். கப்பல் சமையல் எங்களுக்கு ஆகாது. புளியோதரை, அவல், முறுக்கு என்று டின் டின்னாகக் கட்டிக்கொண்டோம். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே தண்ணீர் மாறினால் வயிறு கெடும். அதற்காகப் புறப்படுகிற அன்று காலையில் குற்றாலத்துக்கு வண்டி கட்டிப் போய்ப் பெரிய கூஜா நிறைய அருவித் தண்ணீர் பிடித்து, மூடியைத் துணி சுற்றி இறுக்கினேன்.

சென்னைத் துறைமுகத்தில் சுகாதார அதிகாரி ஒருவர் கூஜாவைத் திறந்து மோந்து பார்த்தார். வெளித் தண்ணீர் கப்பலில் ஏறக்கூடாது என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு ஆள் வந்து அப்படியே தரையில் கவிழ்த்தான். குற்றாலத்துத் தண்ணீர் கரி படிந்த கல்லில் ஓடிக் கடலில் விழுந்தது. எனக்கு அப்போதே மனசு சரியில்லை.

கப்பல் கிளம்பிய மறுநாள் விடிந்ததும் கேபின் கதவு தட்டப்பட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பட்லர் ஒரு தட்டோடு நின்றான். சென்னைக்காரன். தட்டில் ஒரு பீங்கான் கெட்டில், பால், சர்க்கரை, இரண்டு கோப்பை.

"டீ, அம்மா" என்றான்.

நாங்கள் கேட்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் வீடு தேடிக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று திருப்புகிற வழக்கம் கிடையாது. டிக்கெட்டோடு சேர்ந்த உபசாரம் என்று நினைத்தேன். ஆனால் கோப்பையில் எப்படிக் குடிப்பது? எத்தனை பேர் வாய் வைத்ததோ. கெட்டிலில் இருந்ததை முழுக்க எங்கள் செம்பில் ஊற்றி, பாலையும் சர்க்கரையையும் கலந்து, வீட்டில் குடிப்பதுபோல அண்ணாந்து குடித்தோம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் டீ என் தாடையில் வழிந்து ரவிக்கைக்குள் போனது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பட்லர் ஒரு சீட்டையும் பென்சிலையும் நீட்டினான். பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடுவார்களே, அதுபோல என்று எடுத்துக்கொண்டேன். இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. படித்துப் பார்க்காமல் அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் கடல் கெட்டுவிட்டது. மகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். புளியோதரை வந்தது, அவல் வந்தது, கடைசியில் பச்சையாக வந்தது. குழாய்த் தண்ணீரில் இரும்பு வாடை. வாய்க்குள் போனதும் திரும்பி வந்தது. நான் சுக்கு கொண்டுபோயிருந்தேன். தட்டிப் போட்டு வெந்நீராக மடக்கு மடக்காகக் கொடுத்தால் நிற்கும் என்று தெரியும். பட்லரைக் கூப்பிட்டு வெந்நீர் கேட்டேன். கெட்டிலில் கொண்டுவந்தான். அதுதான் அவள் வயிற்றில் நின்றது. ஆனால் ஆறிப்போனால் அதுவும் நிற்கவில்லை, ஒவ்வொரு தடவையும் சூடாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு கெட்டிலுக்கும் ஒரு சீட்டு. நான் மகளைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் முற்பகல் பட்லர் வெறுங்கையோடு வந்தான்.

"ஏழு சீட்டு ஆயிடுச்சு அம்மா. கட்டினாத்தான் இனிமே குடுப்பாங்களாம்."

"என்ன சீட்டு?"

"டீ சீட்டு."

"நான் ஒரு தடவைதானேப்பா டீ குடிச்சேன்? மத்ததெல்லாம் வெந்நீரு."

"கெட்டில் கணக்கு அம்மா. தேயிலை போட்டாலும் கெட்டில்தான், போடாட்டியும் கெட்டில்தான். ரூமுக்குக் கொண்டாந்ததுக்குத் தனி" என்று ஒவ்வொரு சீட்டின் தொகையையும் சொன்னான்.

"அந்த மொத டீக்கு என்னத்துக்கு இவ்வளவு?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "கோப்பையிலே குடிச்சிருந்தா ரெண்டு கோப்பைன்னு போட்டிருப்பேன். நீங்க மொத்தமா உங்க பாத்திரத்துலே ஊத்திக்கினீங்க. முழு கெட்டில்னு எழுதணும், ரூல் அப்படி."

வாய் படாமல் குடித்ததற்குக் கூலி அது. அப்போது எனக்கு அது ஒரு வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை. மகளின் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது.

கணக்கு மேஜையில் இருந்த அதிகாரியிடம் போனேன். முந்தானை முடிச்சில் பணம் இருந்தது, இல்லாமல் இல்லை. திரும்பி வருவதற்கான டிக்கெட் பணம் அது. இன்னும் இரண்டு நாள் பயணம் பாக்கி. இந்தக் கணக்கில் போனால் நான் ரங்கூனிலேயே நிற்க வேண்டியதுதான். மாப்பிள்ளை துறைமுகத்துக்கு வருவார், அங்கே தீர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். முடியாது என்றார். பெண் ரொம்ப மோசமாக இருக்கிறாள் என்றேன். கடலில் எல்லாருக்கும் வருவதுதான், மூன்றாம் நாள் சரியாகிவிடும் என்றார். அவர் முன்னால் ஒரு கோப்பை டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

"குடித்த டீக்குத் தருகிறேன். தண்ணீருக்குத் தரமாட்டேன்" என்றேன். ஒரு கெட்டில் டீக்கு உண்டானதை எண்ணி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் சிரித்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பிள்ளை அந்தக் கிடை கிடக்கும்போது என்ன வீம்பு என்று கேட்பீர்கள். கேபினுக்கு நடந்த அந்த நாற்பது அடியிலும் நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டேன். என் ரோஷத்தால் என் பிள்ளை போய்விட்டால்? முடிச்சைப் பிடித்தபடி நின்றேன். திரும்பிப் போய்க் கொட்டிவிடலாம் என்று காலைக்கூட எடுத்தேன். அப்போதுதான் கீழேயிருந்து விறகுப் புகை வாடை வந்தது.

டெக்குப் பயணிகள் பொங்கித் தின்ன ஒரு ஓரத்தில் இரும்பு அடுப்புகள் வைத்திருந்தார்கள். செம்பை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன். பாயும் சாக்கும் மூட்டையுமாக ஜனங்கள். ஒரு அடுப்பின் முன்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சிக்கு எந்த ஊரு?"

"தென்காசி."

"அட, நமக்கு ஆலங்குளத்துக்கு அங்கன. மேல இருக்கவிய இங்கன எதுக்கு வாறிய? கால வச்சி எறங்கவே எடமில்ல."

விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே பக்கத்து அடுப்பில் தண்ணீரை வைத்தாள். கொதிக்கிற வரை பேசிக்கொண்டேயிருந்தாள். புருஷன் ரங்கூனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறானாம். எந்தத் தெரு, யார் மக்கள் என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் அவர்கள் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள். தண்ணீர் கொதித்தது. நான் செம்பை நீட்டவில்லை. கை நீளவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அகப்பையைப் பானைமேல் வைத்தாள்.

"ஆச்சி, எங்க கைத் தண்ணி குடிப்பியளா மாட்டியளா, சொல்லிருங்க. அங்கன ஒரு பிள்ள காஞ்சி கெடக்கு. இங்கன நீங்க யோசிச்சிக்கிட்டு நிக்கிய."

செம்பை நீட்டினேன். அவள் ஊற்றினாள். சூட்டில் என் விரல் பொத்துப்போனது மேலே போய்த்தான் தெரிந்தது.

மூன்றாவது தடவை நான் இறங்கிவந்தபோது அவளே சொன்னாள்: "ஏறி எறங்கி நீங்க விழுந்துருவிய. பிள்ளயத் தூக்கிட்டு வாங்க. மேல பொட்டி மாதிரி அறையில காத்தே இல்ல, எப்படி வாந்தி நிக்கும்?"

அவளும் நானுமாக மகளைத் தாங்கிக்கொண்டு இறங்கினோம். நாத்தனார் வேண்டாமென்ற அதே சாக்கில், அந்தப் பெண்ணின் மடியில் தலை வைத்து என் மகள் படுத்தாள். கடல் காற்று முகத்தில் அடித்தது. அந்தப் பெண் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே மடக்கு மடக்காகச் சுக்கு வெந்நீர் கொடுத்தாள். சாயங்காலம் நொய்க்கஞ்சியில் உப்புப் போட்டு நாலு கரண்டி கொடுத்தாள். நின்றது. மறுநாள் என் மகள், "அம்மா, பசிக்கி" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

நெல்லை விற்று எடுத்த கேபின் கடைசிவரை காலியாகத்தான் வந்தது.

ரங்கூனில் இறங்கும் இடத்தில் அந்த அதிகாரி என் டிரங்குப் பெட்டியைத் தடுத்து வைத்துக்கொண்டு சீட்டுகளை நீட்டினார். வெளியே காத்திருந்த மாப்பிள்ளையைக் கூப்பிடாமல் நான் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்தேன். பாதை அடைபட்டது. பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஆலங்குளத்துக்காரியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "ஏலே, வெந்நிக்குத் துட்டு கேக்கானுவ! நாளைக்கி மூச்சு விட்டதுக்கும் சீட்டுக் கிழிப்பானுவ!" வெயிலும் கூச்சலுமாகக் கால்மணி நேரம் ஆயிற்று. அவர் சீட்டுகளை மேஜைமேல் எறிந்துவிட்டுப் போகச் சொன்னார். மகள் தன் காலால் நடந்து இறங்கினாள். திரும்பி வரும்போது நான் கேட்டு வாங்கியது டெக்கு டிக்கெட்.

இது நடந்து நாலு மாசமாகிறது.

போன வெள்ளிக்கிழமை, கப்பலில் வெந்நீர் கொடுத்த அந்தப் பெண்ணின் தாய் ஆலங்குளத்திலிருந்து வந்தாள். அவள் மகள் ரங்கூனில் நன்றாயிருக்கிறாள் என்று நான் எழுதிப்போட்ட கார்டை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நேரில் கேட்க வேண்டும் என்று ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு கொல்லைவாசலில் நின்றாள். நாத்தனாரும் அன்று வீட்டில் இருந்தாள். நான் டீ போட்டேன். நாத்தனார் எழுந்துபோய்க் கொல்லைச் சுவரில் மாட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக் கழுவி என்னிடம் நீட்டினாள். களை எடுக்கிறவர்களுக்கு நான் பதினைந்து வருஷமாக டீ ஊற்றிய சிரட்டைதான். ஒருநாளும் அதை நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை. கோப்பைக்கு ஒரு கணக்கு, பாத்திரத்துக்கு ஒரு கணக்கு என்று பட்லர் சொன்னது ஞாபகம் வந்தது.

சிரட்டையை வாங்கி அடுப்பில் போட்டேன். கப்பலுக்குக் கொண்டுபோன செம்பை எடுத்து, அதில் டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

கிழவி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் ஆச்சி. நாளைக்கி உங்களுக்குல்லா பேச்சு."

"பேசட்டும். குடி தாயி."

அவள் அண்ணாந்து குடிக்கப் போனாள். "வாய் வச்சிக் குடி. ஆறிப்போவும்" என்றேன்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, பிள்ள முழுகாம இருக்குன்னு காயிதம் வந்திருக்கு. தையில பிரசவத்துக்கு வாரா. வளைகாப்புக்கு ஒருத்தரும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாக, பாத்துக்கோ."

"வராட்டி சோறு மிச்சம் மதினி."

அவள் தன் டீயைத் தொடாமல் போய்விட்டாள். இன்றுவரை வரவில்லை. கிழவி போன பிறகு, அதே செம்பைக் கழுவி, நாத்தனார் விட்டுப்போன டீயைச் சுடவைத்து அதில் ஊற்றிக் குடித்தேன். பிறகு உட்கார்ந்து மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினேன்: கர்ப்பிணியைத் தனியாக அனுப்ப வேண்டாம், ஆலங்குளத்துப் பெண்ணும் தையில் ஊருக்கு வருவதாக அவள் தாய் சொன்னாள், எந்தக் கப்பல் என்று விசாரித்து, அவளோடு டெக்கில் டிக்கெட் எடுக்கவும், கேபின் வேண்டவே வேண்டாம்.