முறுக்கு பாக்கெட்டும் கிடாவும்

அக்கா மகளுக்குக் காதுகுத்து என்றதும், தாய்மாமன் முறைக்குக் கிடா என் பொறுப்பாயிற்று. முன்கூட்டியே ஒன்றை வாங்கி, தல்லாகுளத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் பைக் நிறுத்துகிற இடத்தில் கட்டினேன். நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டு ஓனரம்மா முகத்தைச் சுளித்ததால், தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்து அதைக் குளிப்பாட்டுவேன். ஷாம்புகூட உண்டு. முதலில் துள்ளியது. பிறகு குழாய்ச் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி நின்று குளித்தது.

அப்போதுதான் எனக்கு எதிர்காலம் தெரிந்தது. எங்கள் பக்கம் கோயில் கிடாவைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். மேலே மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். ஷாம்பு போட்டுக் குளிக்கிற கிடா ஒரு கைத் தண்ணீருக்கா சிலுப்பும்? மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க என்ன, குறி சொல்ற கோடாங்கியா? பேசாம இருங்க" என்றாள்.

அது சிலுப்புவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. முறுக்கு பாக்கெட் சரசரக்கிற சத்தம். அதைக் கேட்டால் காதிலிருந்து வால் வரைக்கும் அப்படி ஓர் ஆட்டம். இது எனக்கு மட்டுமே தெரியும். மனைவிக்குத் தெரியாமல் பைக் பக்கத்தில் நின்று முறுக்கு தின்பவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

விசேஷத்தன்று, மேலூரைத் தாண்டி இருக்கும் அக்கா வீட்டுக்காரரின் குலசாமி கோயிலில் சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்தது. பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. ஒரு சொம்பு முழுக்க ஊற்றினார். ஷாம்பு எங்கே என்பது போல என்னைப் பார்த்தது.

"சாமிக்கு என்னமோ குறை இருக்கு" என்றார் பூசாரி.

அவ்வளவுதான். பத்திரிகையில் தன் பேரைச் சின்ன எழுத்தில் போட்டதுதான் குறை என்றார் ஒரு சித்தப்பா. ஆளாளுக்குத் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு நேந்துக்கிட்டது தம்பி. தள்ளித் தள்ளிப் போட்டேன். அந்தக் கோவம்தான். எம்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோ?"

அக்கா அழுதால் எனக்குத் தாங்காது. என் சட்டைப் பையில் பிள்ளைக்காக மேலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய முறுக்கு பாக்கெட் இருந்தது. விரலால் ஓர் அமுக்கு அமுக்கினால் போதும், அக்கா சிரிப்பாள், கிடா குழம்பாகும். அமுக்காவிட்டால் கிடா பிழைக்கும், அக்கா அன்றிலிருந்து தூங்கமாட்டாள். கிடாவுக்கு ஷாம்பு போட்டுவிட்டதும் இந்தக் கைதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, என் இடுப்பிலிருந்த அக்கா மகள் "மாமா, முறுக்கு" என்று பைக்குள் கையை விட்டாள். கிடாவின் ஒரு காது எங்கள் பக்கம் திரும்பியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ரோட்டோரம் நின்ற எங்கள் வேனை நோக்கி ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் சத்தமில்லாமல் தின்ன முயற்சி செய்தோம். முறுக்கில் அது நடக்காது.

திரும்பி வந்தபோது பூசாரி முடிவு சொல்லிக்கொண்டிருந்தார். "சாமி இத உசுரோட கேக்குது. கோயிலுக்கு விட்டுருங்க. பிள்ளைக்கு ஒரு கொறையும் வராது தாயி."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கிடா யாரோ கொடுத்த வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அக்கா வீட்டுக்காரர் என் தோளில் கையைப் போட்டார். "இம்புட்டு சனத்துக்கும் என்னத்தப் போடுறது மாப்ள? மேலூர்ல கோழி சொல்லிருக்கேன். வேன எடுத்துட்டு ஒரு எட்டுப் போயி வாங்கியாந்துரு."

போனேன். கடைக்காரர் கூண்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். அவற்றின் மேல் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. ஒன்றுவிடாமல் எல்லாமே சிலுப்பிக்கொண்டிருந்தன.