தீக்கு வைத்த தண்ணீரும் அம்மாவுக்கு வந்த காய்ச்சலும்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் அம்மா எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். மறுநாள் கிளம்ப வேண்டிய சுற்றுலாவுக்குக் கட்டிய பைகள் சுவரோரம் அப்படியே இருந்தன.

மாரித்தாயின் முன் நின்று, அவள் கேட்கிறாளா என்று ஒரு முறையாவது சந்தேகப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் சந்தேகப்பட்டவள்தான். போன கார்த்திகை மாதம் நடந்தது இது.

எங்கள் வீடு எம். புதுப்பட்டியில். அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறையில் வேலை. அம்மா வீட்டில் இருந்தபடி வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டுகிறாள். அண்ணன் லோடு வேன் ஓட்டுகிறான். நான் வேதிப் பொறியியலில் டிப்ளமோ முடித்து, பக்கத்து ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் வேலையே பட்டியல்தான். எந்த அறையில் என்ன ஆபத்து, வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு சேதம் என்று கட்டம் போட்டு எழுதி, டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவேன்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கே ஒரே விடுமுறைதான். தீபாவளி வரை சீசன், ஞாயிறும் வேலை. தீபாவளி முடிந்ததும் ஆலைகளைப் பூட்டிவிடுவார்கள். கல்யாணம், வெள்ளையடிப்பு, கோயில், சுற்றுலா எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அது அடைமழைக் காலம். கொசுவுக்கும் அதுதான் சீசன்.

நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து ஓர் ஊருக்குப் போய்த் தங்கியதே இல்லை. அம்மாவுக்குக் கேரளத்தில் படகு வீட்டில் ஒரு நாள் இருக்க வேண்டும் என்று ஆசை. நான் பட்டியல் போட்டேன். ஆலப்புழை, குற்றாலம், கன்னியாகுமரி, ராமேஸ்வரம், கொடைக்கானல். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே மழை, தேங்கும் தண்ணீர், அங்கே டெங்கு இருப்பதாக வந்த செய்தி, விடுதி ஜன்னலில் வலை உண்டா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கட்டங்கள். படகு வீடு முதல் வரியிலேயே அடிபட்டது. கடைசியில் கொடைக்கானல் நின்றது. குளிரில் கொசு குறைவு.

அண்ணன் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஏ பிள்ள, கொசு இல்லாத எடந்தான் வேணும்னா ஐஸ் கம்பெனியில ரூம் போட்டுத் தாரேன். நாலு பேரும் குல்லாப் போட்டு உக்காந்துக்கிடுவோம்.”

“அவளைச் சும்மா விடுலே” என்றாள் அம்மா. “படிச்ச பிள்ள, யோசிச்சுத்தான் சொல்லுவா. படகு எங்கன ஓடிப்போகப் போகுது?”

அந்தப் பட்டியலில் ஐந்து ஊர்கள் இருந்தன. எம். புதுப்பட்டி இல்லை.

எங்கள் வாசலில் இரண்டு நீல டிரம்கள் உண்டு. பெரிய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து நான்தான் வைத்தேன். உள்ளே கூரை வரை காகிதக் குழாய் அடுக்கியிருக்கும். ஒரு பொறி பட்டால் போதும். ஆலையில் ஒவ்வோர் அறை வாசலிலும் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் இருப்பது போலவே வீட்டிலும் இருக்கட்டும் என்று வைத்தேன். தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவோம். கொட்டியதே இல்லை. எங்கள் ஊரில் தீக்கு வைத்த தண்ணீரைக் கொட்டுகிறவன் பைத்தியக்காரன்.

கொசுப்புழு பார்க்க வரும் ராசாத்தி அக்கா புரட்டாசியிலேயே அந்த டிரம்மைத் தட்டிச் சொல்லியிருந்தார்: “பாப்பா, இதைக் கொட்டித் தேய்ச்சு வையி.” நான் கொஞ்சம் கெத்தாகத்தான் பதில் சொன்னேன். “அக்கா, இது புழங்குற தண்ணி இல்ல. தீக்கு வச்சது. காலி பண்ணக் கூடாது, அது ரூல்.” அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சுவரில் சுண்ணக்கட்டியால் தேதியையும் ஒரு குறியையும் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பை முறித்துப் போட்டது போல உடம்பு வலி. ஏதோ மழைக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். புதன் மாலை காய்ச்சல் இறங்கியது. அம்மாவின் கைகளிலும் மார்பிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு தெரிந்தது.

அப்பா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். “ஆத்தா வந்திருக்கா” என்றார்.

அம்மை என்றால் எங்கள் வீடுகளில் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாசலில் வேப்பிலை. வீட்டில் தாளிப்பதில்லை. வெளியாள் உள்ளே வருவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஆளை வெளியே கொண்டுபோவதில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சே கிடையாது. வந்தவளை வெளியே துரத்துவது போல ஆகிவிடும் என்று பயம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் முடியவில்லை. என்னிடம் இருந்தது ஊர்களைப் பற்றிய பட்டியல். இந்தச் சிவப்பு என்னவென்று அதில் இல்லை. காய்ச்சல் விட்டதால் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. கொடைக்கானலை ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்றுகூட அந்த மாலையில் யோசித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வியாழன் காலை அம்மா கஞ்சியை வேண்டாம் என்று ஒதுக்கினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்ட குளிர்ச்சிதான் என்றார் அப்பா.

நான் வாசலுக்கு வந்து வேப்பிலையின் முன்னால் நின்றேன். எனக்கு அழகாக வேண்டத் தெரியாது. இப்படித்தான் சொன்னேன்: “தாயே, வந்திருப்பது நீதானா, வேறு ஏதாவதா? நீ என்றால் நான் வாயைத் திறக்கவில்லை. நீ இல்லை என்றால், அதைச் சொல்ல ஒரு ஆளை அனுப்பு. என் பேச்சை அப்பா கேட்க மாட்டார். கேட்கிற மாதிரி ஒரு ஆள். இன்றைக்கே.”

கண்ணைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் ஆகியிருக்கும். தெருமுனையில் ராசாத்தி அக்கா வந்துகொண்டிருந்தார். கையில் டார்ச், ஒரு கரண்டி, தோளில் பை.

எங்கள் வாசலுக்கு வந்ததும் முதலில் டிரம்முக்குள் டார்ச் அடித்தார். பட்டப்பகலில் எதற்கு டார்ச் என்று முன்பெல்லாம் சிரித்திருக்கிறேன். வெளிச்சம் பட்டதும் மேலே இருந்த புழுக்கள் எல்லாம் நெளிந்து அடிக்கு ஓடின. கரண்டியால் அள்ளி என்னிடம் காட்டினார். என் டிரம். நான் நிரப்பிய தண்ணீர். “ரூல்” என்று நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்போதுதான் வேப்பிலையைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே வரவில்லை. நடையில் நின்றபடியே அம்மாவிடம் கேட்டார்.

“மதினி, எத்தன நாளா காச்சல்?”

“ஞாயித்துக்கிழமையிலிருந்து” என்றேன் நான். “நேத்து விட்டுருச்சு.”

“நீ இரு பாப்பா, அவுக சொல்லட்டும். மதினி, வயிறு வலிக்கா?”

“வலிக்கி” என்றாள் அம்மா. எங்களிடம் சொல்லவே இல்லை.

“ஒண்ணுக்குப் போனீகளா?”

அம்மா யோசித்தாள். “நேத்துச் சாயங்காலம் போனது.”

“பல் தேய்க்கயில ரத்தம் வந்துச்சா?”

“லேசா.”

அக்கா அப்பாவின் பக்கம் திரும்பினார். “அண்ணே, முத்து எங்கன இருக்கு?”

“என்னம்மா?”

“ஆத்தா வந்திருந்தா முத்துப் போட்டிருப்பா இல்ல. நாலு நாளாச்சு. ஒரு முத்து காட்டுங்க, நான் கும்புட்டுட்டுப் பேசாமப் போயிருதேன்.”

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நெற்றியில், கழுத்தில் தேடினார். சிவப்பு இருந்தது. நீர் கோத்த முத்து ஒன்றுகூட இல்லை.

“இல்லையேம்மா” என்றார்.

“அப்ப இது அவ இல்லண்ணே. இது கொசுக் காச்சல். காச்சல் விட்ட மறுநாதான் இது ஆளைத் தூக்கும். நீங்க அவ பேரைச் சொல்லி மதினியை உள்ள போட்டு வச்சிருக்கீக.”

“ஆத்தா கோவிச்சுக்கிட்டான்னா?”

“கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும். வருசா வருசம் பங்குனிக்கு அக்கினிச்சட்டி எடுக்கவ நான். என்னைக் கோவிக்க அவளுக்கு உரிமை இருக்கு. கேக்க எனக்கும் உரிமை இருக்கு. வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”

இதே விஷயத்தை நான் சொல்லியிருந்தால் அப்பா கேட்டிருக்க மாட்டார். பெரிய டாக்டர் வந்து சொல்லியிருந்தாலும் தயங்கியிருப்பார். சட்டி எடுக்கிற ராசாத்தி அக்கா சொன்னதும் எழுந்தார். தன் கையாலேயே வேப்பிலையை அவிழ்த்து அம்மாவின் மடியில் வைத்து, “ஆத்தாளும் கூடவே வரட்டும்” என்றார். அண்ணன் லோடு வேனில் பாய் விரித்தான்.

அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு. தட்டணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன, ரத்த அழுத்தமும் அப்படியே. சலைன் ஏற்றிய டாக்டர் அம்மா என் வயதுதான் இருப்பார். “சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்றார். பயணம் ஒரு நாள் முன்னால் இருந்து, அன்றைக்கே நாங்கள் மலையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளைவுப் பாதை. அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, களைப்பில் தூங்குகிறாள் என்றே நினைத்திருப்போம். அந்த எண்ணத்தை முடிக்க முடியவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் என் நோட்டில் இரண்டே கட்டங்கள். உள்ளே போன தண்ணீர், வெளியே வந்த சிறுநீர். மணிக்கொரு முறை எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தாயே என்று சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் வெளியே வந்த கட்டத்தில் நல்ல எண் விழுந்தது. அம்மா கண்ணைத் திறந்து, “என்னட்டி எழுதிக்கிட்டே இருக்க? ரசம் கெடைக்குமான்னு கேளு” என்றாள். நர்ஸ் அம்மா சிரித்துவிட்டார். நான் அழுதேன்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தோம். அன்று மாலையே ராசாத்தி அக்கா வந்தார். டிரம்களைக் காலி செய்வது எப்படி என்று அவரிடம்தான் கற்றேன். சாக்கடையில் கொட்டாமல் காய்ந்த மண்ணில் கொட்ட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும், தேங்காய் நாரும் சோப்பும் போட்டுச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். உடனே நல்ல தண்ணீர் நிரப்பி, வேட்டித் துணியால் இறுகக் கட்டிவிட வேண்டும். தீ என்றால் ஒரே இழுப்பில் துணி வந்துவிடும். தண்ணீரும் இருக்கும், புழுவும் இருக்காது. இரண்டு ஆபத்தையும் அவர் ஒரு கிழிந்த வேட்டியில் தீர்த்துவிட்டார். ஒரு நாளில் எத்தனையோ வாசல் ஏறி, பாதி வீடுகளில் முகச்சுளிப்பை வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்கிறார். நான் படித்த படிப்பில் எந்த ஆசிரியரிடமும் இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை.

பூட்டிக் கிடந்த எங்கள் ஆலைக்கும் அவரை அழைத்துப் போனேன். ஒவ்வோர் அறை வாசலிலும் தொட்டி நிறையத் தண்ணீர். விடுமுறைக்கு முன்னால் நான் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்ட தொட்டிகள். பாதிக்கு மேல் புழு. இப்போது எங்கள் ஆலைப் பட்டியலில் வாரம் ஒரு முறை கொட்டி, தேய்த்து, நிரப்பி, மூடு என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பக்கத்து இரண்டு ஆலைகளும் அதை வாங்கிப் போயிருக்கின்றன.

சுற்றுலாவும் போனோம். அம்மாவுக்கு இரண்டாம் முறை டெங்கு வந்தால் இன்னும் கடுமையாக இருக்கலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் ஊரைவிட மாதத்தைப் பார்த்தேன். மழை ஓய்ந்து காய்ந்த மாசியில் லீவு கேட்டதும் மேனேஜர், “சீசன்ல யாரும்மா டூர் போவாக?” என்றார். விஷயத்தைச் சொன்னேன், கொடுத்தார். புதுப் பட்டியல் போட்டேன்: இந்தக் கொசு பகலில் கடிப்பது, அதனால் முழுக்கைச் சட்டை, பகலிலும் களிம்பு. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் ஊர். கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்திருந்தால் பயணம் இல்லை. நம்மைக் கடித்த கொசு அந்த ஊர்க்காரரையும் கடிக்கும் அல்லவா? பட்டியலின் முதல் வரியில் எங்கள் வீட்டு வாசல். கன்னியாகுமரியில் அம்மா அலையில் கால் நனைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

பங்குனியில் அம்மா அக்கினிச்சட்டி எடுத்தாள். முன்னால் ராசாத்தி அக்கா, பின்னால் அம்மா. அப்பா இருவருக்கும் வேப்பிலை பிடித்துக்கொண்டு நடந்தார்.

முன்பு நான் கும்பிடுவது பழக்கத்துக்காக. இப்போது கேட்டுக் கும்பிடுகிறேன், கேட்ட பிறகு வாசலைப் பார்க்கிறேன். தாய் எனக்கு ஒரு ஆளை அனுப்பினாள். புரட்டாசியிலேயே அனுப்பியிருந்தாள், நான்தான் திருப்பி அனுப்பினேன். அப்படி இருந்தும் இரண்டாம் முறை அனுப்பினாள். அவள் கருணை அவ்வளவு பெரியது.

உங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் அவளைக் கூப்பிடுங்கள். கட்டாயம் கூப்பிடுங்கள். கூப்பிட்ட வாயாலேயே படுத்திருப்பவரிடம் கேளுங்கள்: வயிறு வலிக்கிறதா, ஒண்ணுக்குப் போனீர்களா? வலிக்கிறது, போகவில்லை என்று பதில் வந்தால், அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவள் அவள்தான் என்று நம்பி எழுந்து வண்டியைக் கூப்பிடுங்கள்.